நூற்றுப்பதினேழாம் எபிசோடில் சிரித்தது நான்தான்

சூலூர்
ஞாயிறு காலை

கொடுமுடியில் இருக்கும் அக்கா சென்னியம்மாள் அவர்களுக்கு, சூலூரிலிருந்து தம்பி வேங்கடசாமி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் வரலட்சுமியும் மூட்டுவலி நீங்கலாகச் சௌக்கியம். அங்கே நீங்களும் மாமாவும் மருமகள் புவனாவும் சௌக்கியமா என்று போனில் கேட்கலாமென்றால், பதினெட்டு நாளாக நீங்கள் என் போனை எடுப்பதில்லை. முதல் மூன்று நாள் மணியாவது அடித்தது. நாலாம் நாளிலிருந்து அதுவும் நின்றுபோனது. புவனா என் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டதாக மாமாதான் சொன்னார். அதையும் வீட்டில் வைத்துச் சொல்லப் பயந்து, மளிகைக் கடைக்குப் போய் நின்றுகொண்டு சொன்னார். எனவே முப்பத்து மூன்று வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கையால் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தப்பு என்மேல்தான். எவ்வளவு தப்பு என்பதைத்தான் இதுவரை உங்களிடம் முழுசாகச் சொல்லவில்லை.

போன தை மாசம் ஒரு காலையில் ஹர்ஷா என்கிற பையன் சென்னையிலிருந்து நம் வீட்டைத் தேடி வந்தான். இருபத்தெட்டு வயசு, தாடி, காலில் ஒரு ஜோடி வெள்ளை ஷூ. டி.வி.யில் சரித்திரத் தொடர் ஒன்று எடுக்கிறார்கள், பெயர் ‘பெரியவீட்டு வம்சம்’, அதற்குக் கதை எழுதுபவன் இவன். தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையாக அரசியலில் இருக்கும் ஒரு குடும்பத்தின் கதை. ஊர், பேர், கட்சி எல்லாவற்றையும் மாற்றிவிடுவார்களாம். ஆனாலும் யாரை மனசில் வைத்து எழுதுகிறார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், நம் பெரியவர் குடும்பத்தைத்தான். நாலு தடவை எம்.எல்.ஏ., ஒரு தடவை மந்திரி. அவருக்கு இருபத்திரண்டு வருஷம் ஜீப் ஓட்டியவர் நம் அப்பா வெள்ளியங்கிரி என்று யாரோ சொல்லி, ஹர்ஷா என் எதிரில் உட்கார்ந்து போனில் ரெக்கார்டை அமுக்கிவிட்டு, “சொல்லுங்க அங்கிள்” என்றான். அக்கா, ரிட்டயர் ஆன பிறகு என்னைப் பார்த்து ‘சொல்லுங்க’ என்று சொன்ன முதல் ஆள் அவன்.

சாமி சத்தியமாக, நான் முதலில் சொன்னது குழாய்க் கதையைத்தான். பெரியவர் முதல் தடவை நின்றபோது நம் காலனியில் வீடு வீடாகப் போய், குடிதண்ணீர்க் குழாய் வரும் என்று அவர் சார்பில் வாக்குக் கொடுத்தவர் அப்பா. பெரியவர் ஜெயித்து ஒன்றரை வருஷம் ஆகியும் குழாய் வரவில்லை. நம் ஆட்கள் அப்பாவைத்தான் கேட்டார்கள். ஒரு சித்திரை மாச மத்தியானம் பெரியவரை ஏற்றிக்கொண்டு போனவர், காலனி முக்கில் ஜீப்பை நிறுத்தினார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கீழே இறங்கிக் கைகட்டி நின்று, “கோவிச்சுக்காதீங்க. கொழாய் வராம இந்த வண்டி நகராதுங்க” என்றார். அந்தக் காலத்தில், நம்மாள் ஒருத்தர், அவரைப் பார்த்து! பெரியவர் கத்தினார், வேலையை விட்டு எடுத்துவிடுவேன் என்றார். அப்பா, “எடுத்துப்போடுங்க” என்றார், கட்டிய கையைப் பிரிக்கவில்லை. ஒரு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து வேர்த்துக் கொட்டிய பெரியவர் கடைசியில் முழங்காலின்மேல் காகிதத்தை வைத்து ஆபீசுக்கு உத்தரவு எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் குழாய் வந்தது. உங்களுக்குப் பத்து வயசு, முதல் குடம் பிடித்தது நீங்கள். எனக்கு ஆறு வயசு, குடத்துக்குப் பின்னாலேயே ஓடி வந்தேன்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தேன். ஹர்ஷா, “சூப்பர் அங்கிள். ஆனா ஹீரோவ வெயில்ல உக்கார வெச்சா ஆடியன்ஸுக்குப் பிடிக்காது” என்றான். போனை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டான். ஷூவைக்கூட மாட்ட ஆரம்பித்துவிட்டான். அப்போது எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை அக்கா, பயம்தான் வந்தது. இந்த ஆள் எழுந்து போய்விட்டால் அப்பாவைப் பற்றி இனி யார் வந்து கேட்பார்கள்? “தம்பி, எங்கய்யன் ஒரு வேளைக்குப் பதினாலு இட்லி சாப்புடுவாருங்க” என்று சொல்லிவிட்டேன். ஹர்ஷா சிரித்தான். போன் மறுபடியும் வெளியே வந்தது.

பதினாலு இட்லி பொய். ஆறுதான். கூட்டத்தில் மேடைக்குப் பின்னால் அப்பா தூங்கிப்போய் அவர் குறட்டை மைக்கில் கேட்டது நிஜம், ஒரே ஒரு தடவை, மூன்று நாள் தூங்காமல் வண்டி ஓட்டிய பிறகு. அதை ஒவ்வொரு கூட்டத்திலும் நடந்ததாக ஆக்கியவன் நான். பன்னை டீயில் தோய்த்துச் சாப்பிடுவார் என்பது நிஜம். பன்னுக்காக ஜீப்பை வழியில் நிறுத்திவிடுவார் என்றது பொய். ஹர்ஷா மூன்று தடவை வந்தான். மூன்றாம் தடவை, ஒரு கூட்டத்தில் கல்லெறி நடந்தபோது அப்பா பயந்து ஓடி மாட்டுத் தொட்டிக்குள் விழுந்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, வரலட்சுமி சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள்.

“ஏனுங்க, உங்கய்யன் எப்பங்க தொட்டியில உழுந்தாரு?”

“நீ சும்மா இரு அம்மணி. இவுங்க கதைக்கு இப்படித்தான் வேணும்.”

அவள் திரும்பி அடுப்புக்குப் போனாள். அன்றைக்கு ஹர்ஷாவுக்குக் காப்பி வரவில்லை.

தொடர் ஆரம்பித்தது. பெரியவராக நடிப்பவருக்கு மீசை ஒரு வாரம் மேலே பார்க்கும், ஒரு வாரம் கீழே பார்க்கும். அறுபது வருஷத்துக்கு முந்தைய பொதுக்கூட்டத்தில் மேஜைமேல் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் இருக்கும். இதெல்லாம் போகட்டும். ஜீப் டிரைவராக ஒரு காமெடி நடிகர் வந்தார், பேர் ‘பன்னு ராசு’. அவர் வந்தாலே பின்னால் ஒரு பீப்பீ சத்தம். சூலூரே சிரித்தது. இதையும் மறைக்காமல் சொல்கிறேன், முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரிடமும் “அது எங்கய்யனுங்க” என்று நானாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். டீக்கடை கதிரேசன், “ஏனுங்க பன்னு மகனுங்களா, வாங்க, ஒரு பன்னு வெக்கட்டுங்களா?” என்று கேட்பான். நானும் சிரித்துக்கொண்டே வாங்கித் தின்றேன்.

இனிமேல் எழுதப்போவதை உட்கார்ந்து படிக்கவும். அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஷூட்டிங், வந்து பாருங்கள் என்று ஹர்ஷா கூப்பிட்டான். வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். நாற்காலி போடுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தர் என்னைப் பார்த்ததும், “பெரியவரே, நல்ல மூஞ்சி உங்களுக்கு” என்று சொல்லி, என் சட்டையைக் கழற்றச் சொல்லி, ஒரு அழுக்குத் துண்டைக் கொடுத்துக் கூட்டத்தில் நிறுத்திவிட்டார். வேஷம் என்னவென்றால், காலனி ஆள். அறுபத்தாறு வருஷமாக நான் அதுதானே, அதற்கும் முகத்தில் புழுதியைப் பூசினார்கள். ஒரு ஜீப் வந்து நின்றது, காலனி முக்கு மாதிரியே ஓரிடத்தில். குழாய்க் கதையை எடுக்கிறார்களென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஹர்ஷா மறக்கவில்லை, எடுத்துக்கொண்டான் என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஆனால் ஜீப்பை நிறுத்தச் சொன்னது பெரியவர். ஜனங்கள் தண்ணீருக்குத் தவிப்பதைப் பார்த்து அவரே மனமிரங்கி இறங்குகிறார். டிரைவர் பன்னைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்குகிறான். பெரியவர் அவனை எழுப்பி, “ஒஞ்சனங்க தண்ணியில்லாமச் சாகறாங்க, ஒனக்குத் தூக்கமாடா?” என்று கன்னத்தில் அறைகிறார். பன்னு தெறித்து விழுகிறது. டைரக்டர் மைக்கில், “கூட்டம் சிரிக்கணும், எல்லாரும் நல்லா சிரிங்க!” என்றார். அக்கா, நான் சிரித்தேன். சுற்றி நூறு பேர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முதல் டேக்கில் என் சிரிப்பு சரியில்லை என்று கேமராவைப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள், மறுபடியும் சிரித்தேன். “பெரியவர் சிரிப்பு அருமை” என்று டைரக்டர் என்னைப் பார்த்துக் கைதட்டினார். மத்தியானம் பிரியாணி போட்டார்கள். அதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அதுதான் நூற்றுப்பதினேழாம் எபிசோடு. முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவது, துண்டு போட்டவன். என்னைப் போலவே யாரோ என்று நான் உங்களிடம் போனில் சொன்னது பொய். நீங்கள் அன்றைக்குப் பேசியது வார்த்தை வார்த்தையாக எனக்கு ஞாபகம் இருக்கிறது. “அந்தக் கொழாயில மொதக் கொடம் புடிச்சவ நானு. அய்யன ஊரு பாக்க அறைய வெச்சுட்டாங்களே சாமி. கூட்டத்துல நின்னு நீயுமாடா சிரிச்சே?” என்றீர்கள். நான், “அது நானில்லீங்கக்கா” என்றேன். “இந்த வருசம் அமாவாசைக்கு என்ற ஊட்டுப்பக்கம் வராதே. அய்யனுக்கு உன்ற ஊட்டுலயே கும்புட்டுக்க” என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். முப்பது வருஷமாக அப்பாவின் திதியான அந்த அமாவாசையில் காவிரியில் முழுகி நான் எள்ளும் தண்ணீரும் விட, நீங்கள் சமைத்துப் படைக்க, இரண்டு பேரும் சேர்ந்தே கும்பிட்டிருக்கிறோம்.

நீங்கள் அப்படிச் சொன்ன மறுநாளே அவிநாசிக்குப் போனேன். ஹர்ஷாவைப் பிடித்து, “தம்பி, நான் சொன்னதுல முக்காவாசி பொய்யிங்க” என்றேன். அவன், “தெரியும் அங்கிள்” என்றான். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு இருந்த கோபமெல்லாம் வடிந்துபோனது. “உங்கக்கா வருத்தப்படறாங்கன்னா, ராசு கேரக்டருக்கு இனிமே நல்ல வெயிட் குடுத்துடறோம்” என்றான். “நீங்க அவரப் பெருசாவும் ஆக்க வேண்டாங்க, சிறுசாவும் ஆக்க வேண்டாங்க. எங்கய்யன் நின்ன மாதிரி நிக்க வெச்சாப் போதுங்க” என்றேன். அவன் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அப்பா இருபத்திரண்டு வருஷத்தில் பெரியவரிடம் எத்தனை தட்டு வாங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

அன்றிலிருந்து டீக்கடைக்குப் போவதில்லை. அப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் நடந்ததை மட்டுமே சொல்வது, கூட்டியும் சொல்வதில்லை குறைத்தும் சொல்வதில்லை என்று வரலட்சுமி முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். இனி இந்த வாயால் அப்பாவைப் பற்றி ஒரு பொய் வராது. மன்னிக்க மனசில்லாவிட்டால் வேண்டாம், அமாவாசைக்கு மட்டும் வரவிடுங்கள். நான் ஆற்றங்கரையிலேயே நின்றுகொள்கிறேன், வீட்டுக்குள் வரவில்லை.

மாமாவுக்கு என் கும்பிடு, மளிகைக் கடைவரை நடந்ததற்கும் சேர்த்து. மருமகள் புவனா நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இருக்க என் ஆசீர்வாதம், போனைத் தடுத்து வைத்ததில் எனக்கு வருத்தமில்லை. நீங்கள் முட்டிக்குத் தைலம் தேய்க்க மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கால்தூசி பெறாத தம்பி
வேங்கடசாமி

பின்குறிப்பு: நேற்று ஞாயிற்றுக்கிழமையாதலால் இதைத் தபாலில் சேர்க்கவில்லை, இன்று மூட்டுவலியால் போக முடியவில்லை. இப்போது திங்கள் ராத்திரி, ஏழரை மணித் தொடர் முடிந்திருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பொதுக்கூட்டத்தில் பெரியவரைக் குத்த ஒருத்தன் கத்தியோடு பாய்கிறான், பன்னு ராசு குறுக்கே விழுந்து குத்தை வாங்கிக்கொள்கிறான். பெரியவர் மடியில் தலை வைத்து உயிரை விடுகிறான், பெரியவரே பாடையைத் தோளில் சுமக்கிறார். பீப்பீ சத்தம் இல்லை, புல்லாங்குழல். எங்கள் தெருவில் அழாத வீடு இல்லை. எனக்கும் அழுகை நிற்கவில்லை. கதிரேசன் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “இது தெரியாமக் கிண்டல் பண்ணிப்போட்டனுங்க. நெசமாலுமே இப்படித்தானுங்களா போனாரு?”

இல்லை என்றுதான் வாயைத் திறந்தேன். “ஆமாங்க” என்று வந்துவிட்டது. வரலட்சுமி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். பெரியவர் வருவார் என்று வார்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வரவில்லை. செத்த மூன்றாம் நாள் ஒரு மாலை வந்தது, அதன் ரிப்பனில் வேறு யாருடைய பேரோ எழுதியிருந்தது. அதை நீங்கள் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டுத்தான் மாலையைப் படத்துக்குப் போட்டீர்கள். இதை எழுதி உங்களிடம் இன்னொரு மன்னிப்புக் கேட்கலாம் என்று பேனாவை எடுக்கும்போதுதான் மாமா போன் செய்தார்.

“மாப்ளே, உங்கக்கா அழுது ஓஞ்சா. தெருச்சனம் பூரா நம்மூட்டுலதான் உக்காந்திருக்குது. ‘எங்கய்யன் இப்படித்தான் போனாரு, நானுந்தம்பியும் பக்கத்துலதான் இருந்தோம்’னு எல்லார்த்துகிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கறா. அமாவாசைக்கு உன்னைய வெள்ளனே வந்துரச் சொன்னா.”

வருகிறேன் அக்கா. நீங்கள் சொன்னதையே நானும் சொல்லிக்கொள்கிறேன், பேச்சு மாறாது. ஆனால் தண்ணீரில் நின்று எள்ளை விடும்போது எந்த அப்பாவை நினைத்துக்கொண்டு விடுவது என்று மட்டும் தெரியவில்லை. அதை நேரில் கேட்டுக்கொள்கிறேன்.