மூடியைப் பிடிக்கிற வேலை

அந்தப் பழைய லேப்டாப்பின் மூடியை ஒரு குறிப்பிட்ட சாய்வில் யாராவது பிடித்துக்கொண்டிருந்தால்தான் படம் தெரியும். அந்த யாராவது, பல மாதங்களாகக் குமாஸ்தாதான்.

அவர் மனைவி பிறர் வீட்டுச் சமையலறைகளுக்கு வரைபடம் போடுகிறவள். குமாஸ்தா சாயங்காலம் இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து வந்து முகம் கழுவியதும் பக்கத்தில் உட்கார்ந்து மூடியைப் பிடித்துக்கொள்வார். ஒருநாளும் கையை எடுத்ததில்லை. எடுத்தால் வரைந்தது போய்விடும் என்று பயம். வாய் சும்மா இருக்காமல், அடுப்புக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜ் வைத்தால் உள்ளே இருப்பது வெந்துபோகும் என்று ஏதாவது சொல்வார். அவள் சிரிப்பாள். பிறகு அங்கேயேதான் வரைவாள்.

இதற்கிடையில் முன்பெல்லாம் குமாஸ்தாவோடு ஆடிவந்த மாடி வீட்டுக்காரர், ஆட ஆள் இல்லாமல், தன்னோடு தானே சதுரங்கம் ஆடித் தோற்றுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனாள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கத் தங்கையையும் கூட்டிப் போனாள். அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் எதையாவது பிடிக்கும் வேலை. படத்தை அன்று இரவே அனுப்ப வேண்டும், இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். வாசல் கதவு சாத்தியதும் குமாஸ்தா பீரோவில் ஒளித்து வைத்திருந்த, திரைக்குப் படம் கொண்டுபோகிற புது டிஸ்ப்ளே கேபிளை எடுத்தார்.

கேபிள் மாற்றக் கற்றுக்கொடுக்கிற வீடியோவில் பேசியவன், கழற்றுவதற்கு முன் லேப்டாப்பை ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொன்னான். வீட்டுக்கே தெரிந்த கோளாறைப் புதிதாக என்ன பார்ப்பது என்று குமாஸ்தா அந்தப் பகுதியை ஓட்டிவிட்டார்.

ஸ்க்ரூக்கள் எளிதாகக் கழன்று தட்டில் விழுந்தன. திரையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டம்தான் அடம்பிடித்தது. ஸ்பூனைக் கொடுத்து நெம்பினார். சட்டம் வந்தது; அதன் ஒரு மூலை வரவில்லை. பழைய கேபிளை உருவிப் புதியதைச் செருகி, எல்லாவற்றையும் மூடிப் போட்டார். படம் வந்தது, முழுக்க ஊதா நிறத்தில்.

அந்த நேரம் பார்த்து மாடி வீட்டுக்காரர் சதுரங்கப் பலகையோடு இறங்கி வந்தார். ஊதாவும் நல்ல நிறம்தான் என்று ஆறுதல் சொன்னார்.

குமாஸ்தா மறுபடி கழற்றி, கேபிளை அழுத்திச் செருகினார். நிறம் சரியானது. ஆனால் அழுத்தும்போது கீபோர்டின் இணைப்புப் பட்டை விலகியிருக்க வேண்டும். எந்த எழுத்தைத் தட்டினாலும் ஒன்றும் நடக்கவில்லை. அதைச் சரிசெய்து மூடினார். எழுத்து வந்தது. மூடி மட்டும் நிற்காமல், தூங்கி விழுகிற ஆள் மாதிரி மெல்ல மெல்லப் பின்னால் சாய்ந்து மேஜையில் படுத்துக்கொண்டது.

மாடி வீட்டுக்காரர் தட்டை எட்டிப் பார்த்தார். "ஸ்க்ரூ மிச்சம் இருக்கே?"

"கம்பெனிக்காரன் ஒண்ணு ரெண்டு கூடத்தான் போட்டிருப்பான்."

"ஒரு கைப்பிடி இருக்கு, குமாஸ்தா."

வியர்வையைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை கழற்றினார். மனைவியின் வேலை போய்விட்டால் எந்த முகத்தோடு அவள் முன்னால் உட்காருவது என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒவ்வொரு ஸ்க்ரூவாகப் போட்டுப் பார்த்து முறுக்கினார். மூலையை டேப் போட்டு ஒட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

படம் வந்தது. எழுத்து வந்தது. மூடி, கையெடுத்ததும், அப்படியே நின்றது.

மாடி வீட்டுக்காரர் காய்களை அடுக்கி வைக்கிறேன் என்று பலகையைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினார்.

அக்காவும் தங்கையும் உள்ளே வந்தபோது குமாஸ்தா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அருங்காட்சியகக் காவலர் மாதிரி லேப்டாப்புக்குப் பக்கத்தில் நின்றார்.

"பாரு, யாரும் பிடிக்கலை."

மனைவி பார்த்தாள். "பிடிக்கவே வேண்டாமா?"

"வேண்டாம். இனிமே நீ பாட்டுக்கு வரை, நான் பாட்டுக்கு மாடிக்குப் போறேன்."

"நல்லதாப் போச்சு" என்றாள். பையை நாற்காலியில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். நெடுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

ஒரு பாராட்டு கூட இல்லையே என்று குமாஸ்தாவுக்கு மனசு சுருங்கிவிட்டது. பாதி நாள் போராடி மாற்றியிருக்கிறேன், என்ன குறை கண்டாள் உன் அக்கா என்று மச்சினியிடம் கேட்டார்.

அவள் குளியலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தான், அந்தக் கேபிளை அக்கா போன மாசமே கடையில குடுத்து மாத்திட்டா; நீங்க பக்கத்துல உட்காரணும்னுதான் வாயைத் திறக்கலை."