எட்டாவது பிரதி

நான் ஒரு முட்டாள் என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கருத்து கிடையாது. ஆனால் அந்த முட்டாள்தனத்தை எழுத்தில் வடித்து, கையெழுத்தும் போட்டு, எட்டுப் பிரதி எடுத்து, அதில் ஒன்றைக் குடிவரவுக் கந்தோருக்கே போய்ச் சேரவைத்தவன் கனடாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தபாலில் போட்ட கை என்னுடையது அல்ல என்பது மட்டும் சின்ன ஆறுதல். அது பெட்டிசம் அண்ணையின் கை.

பெட்டிசம் அண்ணை எழுதாத மனு உலகத்தில் இல்லை. தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் அவருடைய கடிதம் வந்து சேராத கந்தோர் ஒன்று இருந்திருந்தால், அதற்குத் தபால் பெட்டி இல்லை என்றுதான் அர்த்தம். யாழ்ப்பாணத்தில் இருபத்தாறு வருடம் அரசாங்கக் கிளாக்கராக இருந்து, ஊரார் அனுப்பிய பெட்டிசங்களை வாங்கி ஃபைலில் போட்டவர். ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதிக்கு வந்த மறுநாளே அத்தனையையும் உலகத்துக்குத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். அவருக்குச் சொந்தப் பெயர் என்று ஏதோ இருந்தது. அது தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

பனி கொட்டும் என்று வானொலியில் சொல்லிவிட்டு வெயில் எறித்த ஒரு நாளில், முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் அவிந்தவர்கள் சார்பில் வானிலைக் கந்தோருக்கு ஒரு பெட்டிசம் போட்டார். பஸ் சாரதி ஒருவர் தனக்குக் காலை வணக்கம் சொன்னார் என்பதற்காக அவருக்குப் பதவி உயர்வு கேட்டு இன்னொன்று. அடுத்த மாதமே அந்தச் சாரதி வேறு பாதைக்குப் போய்விட்டார்.

"பாத்தியோ? புறமோசன்!" என்றார் அண்ணை.

அந்த மனிதர் தானாகவே இடமாற்றம் கேட்டு ஓடியிருப்பார் என்பது என் ஊகம். அதைச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பெட்டிசம் வரும்.

அந்த வருடங்களில்தான் எங்கள் நகரத்துக்குப் புதிதாக ஒரு கூடைப்பந்து அணி வந்தது. புதிது என்பதால் தோற்றது. பழகிய பிறகும் தோற்றது. ஊரில் கால்பந்தும் கரப்பந்தும் அடித்துத் திரிந்த நாங்கள், விளையாட்டின் சட்டம் பாதிகூட விளங்காமல் அதன் மேல் பைத்தியமானோம். ஞாயிறு மத்தியானம் மூலைக் கோப்பிக்கடையில், ஆளுக்கொரு கோப்பியை மூன்று மணித்தியாலம் குடித்துக்கொண்டு, சுவரில் தொங்கிய தொலைக்காட்சிக்கு ஆலோசனை சொல்லுவோம்.

அப்படியொரு ஞாயிறன்று, ஆட்டப் பருவம் பாதி கடந்திருந்த நேரம், செய்தி வந்தது. அமெரிக்க அணி ஒன்றில் ஆட்டத்துக்கு முப்பது புள்ளி போடுகிற ஒரு சூரன் இருந்தான். அவனை நாங்கள் 'முப்பது' என்றுதான் சொல்லுவோம். அவனை எங்களுக்குத் தரப் போகிறார்களாம். பதிலுக்கு நாங்கள் 'தென்னை'யையும் இன்னும் இரண்டு பேரையும் கொடுக்க வேண்டுமாம்.

தென்னை எங்கள் அணியின் ஏழடி மனிதன். பந்தைக் கூடைக்குள் போடுவது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மனமாரச் செய்வான். விழுவான், எழும்புவான், விழுந்த எதிரியையும் தூக்கி நிறுத்துவான். பெட்டிசம் அண்ணைக்கு அவன் மேல் பெற்ற பிள்ளைப் பாசம்.

"முப்பது வந்தால் வெல்லுவம் அண்ணை!" என்றேன் நான்.

"அவன் முப்பது போடுவான். மற்றப் பக்கத்தான் நாப்பது போடேக்கை ஆர் மறிக்கிறது? உன்ரை கொப்பரோ?"

என்னோடு அறையில் இருந்த ராசன் இடையில் புகுந்தான். "தென்னை போன கிழமை சும்மா நிண்டு எறியிற பந்து ரெண்டையும் விட்டவன் அண்ணை. ஒண்டு வளையத்திலைகூடப் படேல்லை."

"விட்டவன்தான். விட்டிட்டு மூஞ்சையைத் தொங்கப் போட்டவனோ? சிரிச்சவன். உப்பிடியான மனுசரை வைச்சிருக்கோணும் ஐசே."

"சிரிப்புக்குப் புள்ளி குடுக்கிறேல்லை அண்ணை!"

கடை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. முப்பது கட்சிக்கு நான் தலைவன். தென்னை கட்சிக்கு அண்ணை தலைவர், செயலாளர், பெரும்பாலும் ஒரே உறுப்பினர். அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் நாக்கிலே சனி. அண்ணையைச் சீண்டிப் பார்க்க ஒரு யோசனை வந்தது.

"அண்ணை, முப்பதை எடுக்கச் சொல்லி எங்களுக்கு ஒரு பெட்டிசம் எழுதித் தருவியளோ?"

கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் சட்டைப் பையில் இருந்து பேனையை எடுத்தார். "தொழில் வேறை, கொள்கை வேறை. சொல்லு."

நான் சொன்னது ஒரு வரி. அவர் ஆங்கிலத்தில் எழுதியது இரண்டு பக்கம். எழுதி முடித்ததும் எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். "போரினால் ஊரை இழந்து, குளிரினால் விரல்களின் உணர்ச்சியை இழந்து, இப்போது தொடர்ச்சியாகப் பதினொரு ஆட்டங்களையும் இழந்து நிற்கும் கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள், ஆட்டமொன்றுக்கு முப்பது புள்ளி வீதம் நிவாரணம் வழங்குமாறு மிகப் பணிவுடன் மன்றாடுகிறோம்." வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அச்சாவா வந்திருக்கு. ஆனால் நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

முதலாவது கையெழுத்து என்னுடையது.

"நம்பர்?" என்றார் அண்ணை. "நம்பர் இல்லாத பெட்டிசம் தலையில்லாத முண்டம்."

"போன் நம்பரோ அண்ணை?"

"போனை வெட்டினா என்ன செய்வாய்? மாறாத நம்பர் ஒண்டு சொல்லு."

என் வாழ்க்கையில் மாறாமல் இருந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான். இரண்டு வருடத்துக்கு முன் நான் மெட்ராசுக்குப் போய்த் தாலி கட்டியிருந்தேன். பத்தொன்பது நாள் குடும்பம் நடத்திவிட்டு, மனைவியை அங்கேயே விட்டுத் திரும்பினேன். அவளைக் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் போட்டபோது ஒரு ஃபைல் நம்பர் தந்தார்கள். கிழமைக்கு ஒருதரம் போன் எடுத்து, அந்த நம்பரைச் சொல்லி, "இன்னும் பார்வையில் இருக்கிறது" என்ற பதிலைக் கேட்டு வைப்பேன். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அதைச் சொன்னேன். அண்ணை என் பெயருக்கு நேரே மணிமணியாக எழுதிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு சும்மா கேட்டேன். "ஆர் ஆருக்கு அனுப்பினனீங்கள் அண்ணை?"

அவர் விரல் மடித்தார். "எங்கடை அணி முதலாளி. பயிற்சியாளர். முப்பதின்ரை முதலாளி. நகரபிதா. பிரதம மந்திரி. விளையாட்டு மந்திரி. ரேடியோக்காரர். எட்டாவது, குடிவரவுக் கந்தோர்."

கோப்பி என் மூக்கால் வந்தது. "குடிவரவோ! அவங்களுக்கு ஏன் அண்ணை?"

"நம்பர் அவங்கடை நம்பர். நம்பருக்குரிய கந்தோருக்கு ஒரு பிரதி போகோணும். அதுதான் முறை."

ராசன் என் தோளில் கை வைத்தான், செத்த வீட்டில் வைப்பதுபோல. "மச்சான், உன்ரை ஃபைலை இனித் திறக்கமாட்டாங்கள்."

அடுத்த மூன்று கிழமையும் நான் சாப்பிட்டது நினைவில்லை. வேலை செய்த பாண் தொழிற்சாலையில் உப்புப் போட வேண்டிய மாவுக்கு இரண்டு தரம் போட்டேன். மனைவி கடிதத்தில், "அங்கே என்ன புதினம்?" என்று கேட்டிருந்தாள். கூடைப்பந்து காரணமாக நீ வரமுடியாமல் போகலாம் என்று ஒரு புருஷன் எப்படி எழுதுவான்?

நான்காவது கிழமை கடிதம் வந்தது. மனைவியின் விண்ணப்பம் சம்பந்தமாக நேரில் வரவும்.

அண்ணையிடம் ஓடினேன். திட்டுவதற்குத்தான் ஓடினேன். அவர் கடிதத்தை முன்னும் பின்னும் வாசித்துவிட்டு, "பயப்பிடாதை. ஒண்டே ஒண்டு. பேப்பரிலை எழுதினதை வாயாலை மாத்தாதை. மாத்தினியோ, முடிஞ்சுது" என்றார். கந்தோருக்குப் போகவேண்டிய நாள் காலை கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, தோல்பையோடு, நான் கூப்பிடாமலே கூட வந்தார். உள்ளே விடவில்லை. வெளி வாங்கிலில் குந்தினார்.

உள்ளே நரைத்த தலையோடு ஒரு பெண் அதிகாரி. ஆங்கிலத்தில்தான் பேசினார். பயத்தில் எனக்கு எல்லாம் தமிழில் கேட்டது. என் ஃபைலைத் திறந்தார். கல்யாணப் படம், கடிதக் கட்டு, போன் பில்கள். எல்லாவற்றுக்கும் மேலே, முடி சூட்டியதுபோல, எட்டாவது பிரதி.

"இது உங்கள் கையெழுத்தா?"

"ஓம்... ஓம் மேடம்."

"அப்படியானால் தென்னையைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறீர்கள்." அவர் சொன்னது தென்னையின் உண்மையான பெயரை.

அப்போதுதான் மேசையில் இருந்த குவளையைக் கண்டேன். அதில் தென்னை சிரித்துக்கொண்டிருந்தான்.

என் பெண்சாதிக்காக நான் முப்பதை மட்டுமல்ல, அவனுடைய அணியையும் பயிற்சியாளரையும் சேர்த்து விற்கத் தயார். 'தென்னைதான் என் உயிர்' என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வெளியே இருமல் சத்தம் கேட்டது. பெட்டிசம் அண்ணையின் இருமல்.

"எழுதினது எழுதினதுதான் மேடம்," என்றேன். "முப்பது வரவேண்டும்."

அவர் ஏதோ எழுதினார். அந்த அரை நிமிடத்தில் நான் என் பத்தொன்பது நாள் குடும்ப வாழ்க்கையை முதலில் இருந்து ஒருமுறை வாழ்ந்து முடித்தேன்.

"நீங்கள் சொல்வது முழுப் பிழை," என்றார் கடைசியில். "ஆனால் இந்தக் குவளையைப் பார்த்த பிறகும் பேச்சை மாற்றாத முதல் ஆள் நீங்கள்." பிறகு சிரித்தே விட்டார். "உங்கள் ஃபைல் அடுக்கின் அடியில் கிடந்தது தெரியுமா? இந்தக் கடிதத்தை எங்கள் மாடி முழுக்க வாசித்தோம். இது யாருடைய நம்பர் என்று தேடிப் போய்த்தான் வெளியே எடுத்தோம்."

அதன் பிறகு கல்யாணத்தைப் பற்றி நாலு கேள்வி கேட்டார். இனி அதிக நாள் எடுக்காது என்றார்.

வெளியே அண்ணை கேட்டார். "மாத்தினியோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப சரி. வா, கோப்பி குடிப்பம்."

முப்பது வரவில்லை. ஆள் மாற்றுவதற்கான கடைசி நாள் வந்தது, போனது, ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஞாயிறு தென்னை வழக்கம்போல இரண்டு பந்தையும் விட்டுவிட்டுச் சிரித்தான். கடையில் எழுந்து நின்று கைதட்டியது நான்தான். ராசன் எனக்கு விசர் என்று நினைத்தான். இந்த மனிதனை எங்கேயும் அனுப்பாமல் வைத்திருந்தார்களே என்று எனக்கு ஏனோ நெஞ்சு இலேசாக இருந்தது.

சித்திரை மாதம் அவள் வந்தாள். விமான நிலையத்துக்கு நான் பூங்கொத்தோடு போனேன். வெளியே இன்னும் குளிர் என்பதும், வருகிறவள் பருத்திச் சேலையோடு வருவாள் என்பதும் எனக்குத் தோன்றவேயில்லை. பெட்டிசம் அண்ணை கழுத்துப்பட்டியோடு நின்றார். கையில் புத்தம் புதிய பெண்கள் குளிர் ஜக்கெட். ஜக்கெட்டின் கைப்பகுதியில் ஒரு துண்டு குத்தியிருந்தது. 'அளவு பொருந்தாவிடில் தயவுசெய்து அறியத்தரவும்.' கீழே எங்கள் ஃபைல் நம்பர்.

ஜக்கெட் அவளுக்கு அளவாக இருந்தது.

"ஆர் இவர்?" என்று என் காதுக்குள் கேட்டாள்.

"உன்னைக் கூப்பிட்டவர்," என்றேன்.

காருக்கு நடக்கும்போது அண்ணைக்குப் பக்கத்தில் போனேன். மாதக்கணக்காக மனதில் கிடந்த கேள்வி.

"உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. அந்த எட்டாவது பிரதி முறைக்கு அனுப்பினதோ, இல்லாட்டி நித்திரையாக் கிடந்த என்ரை ஃபைலை எழுப்பத் தெரிஞ்சுதான் அனுப்பினனீங்களோ?"

அவர் என் மனைவியின் பெட்டியைத் தூக்கிக் காருக்குள் வைத்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

"எழுத்திலை கேள்."