ஐந்தாம் பாட்டில் கதறும் பெண்மணி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு செய்திருக்கும் ஒரே உருப்படியான காரியம், 'சகதி' இசைக்குழுவின் ஆரம்பகாலப் பதிவுகளைத் தூசி தட்டி, மூன்று கறுப்பு இசைத்தட்டுகளாக மறுபடி வெளியிட்டதுதான் என்று இசைத்தட்டுக் கம்பெனியின் அறிக்கை அடக்கத்தோடு தெரிவித்தது. அடக்கம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், முதல் வரைவில் நெருப்பைப் பற்றிய பேச்சே இல்லை.

'சகதி' வாசித்தது ஸ்லட்ஜ் மெட்டல் என்கிற இரைச்சல் ராக் இசை. கித்தார் தந்திகளைத் துணி உலர்த்தும் கொடி மாதிரித் தொய்யவிட்டு, பீரோவை மாடிப்படியில் இழுத்துக்கொண்டு போகிற வேகத்தில் வாசிக்க வேண்டும். பீரோ கடைசிவரை மாடிக்குப் போய்ச் சேரக் கூடாது. அதுதான் கலை.

ஆனால் ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடியது பீரோவை அல்ல. ஐந்தாம் பாட்டின் நான்காவது நிமிடத்தில், சுவருக்குள்ளிருந்து வருவது போல ஒரு பெண்குரல் கதறுகிறது. கூடவே தொம் தொம்மென்று அடி. "மொழி பிறப்பதற்கு முந்தைய துக்கம், இதில் சொற்கள் இல்லை, தேவையும் இல்லை" என்று ஒரு விமர்சகர் எழுதினார். இன்னொருவர் அந்த அடிகளில் "ஆதிவாசித் தாளம்" கண்டார்.

சொற்கள் இருந்தன. சொன்னவர் ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ். அறுபத்துமூன்று வயது, இரண்டு முழங்காலிலும் வலி, மூன்றாம் மாடியில் மகளோடு வாசம். வேலையை விட்டு ஐந்து வருஷமாகியும் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் 'சிஸ்டர்'தான்.

கண்டுபிடித்தது மகள். அவளுக்கு ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. பல்லைத் துளைக்கும் சத்தம் வெளியே கேட்காமலிருக்க மருத்துவர் 'சகதி'யைத்தான் ஓடவிடுவார். ஐந்தாம் பாட்டு வந்ததும் மகள் தன்னையறியாமல் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். பத்து வருஷம் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பிய குரல் அது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் காதில் இயர்போனைச் செருகினாள்.

"இது யாருன்னு சொல்லும்மா."

"எவளோ கத்துறா."

"நல்லாக் கேளு."

கேட்டார். முகம் மாறியது. பழைய வாடகை வீடு, பக்கத்து வீட்டுக் கார் ஷெட், அதில் நாலு தாடி. இரவு டூட்டி முடிந்து காலை எட்டு மணிக்கு வந்து படுப்பார். ஒன்பது மணிக்குப் பீரோ புறப்பட்டுவிடும். இரண்டு வருஷம் இப்படி.

"'நிறுத்துங்கடா, ராத்திரி டூட்டிக்குப் போகணும், ரெண்டு மணி நேரமாவது தூங்க விடுங்கடா'ன்னு கத்தினேன்," என்றார் சிஸ்டர். "தொடப்பக்கட்டையால சுவத்துல அடிச்சேன்."

"ஆதிவாசித் தாளம்," என்றாள் மகள்.

மகள் சிரித்தாள். சிஸ்டர் சிரிக்கவில்லை. தன் குரலை அந்தப் பாட்டிலிருந்து நீக்கிவிடும்படி கம்பெனிக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். கம்பெனி ஆனந்தக் கண்ணீர் விட்டு, கார் அனுப்பியது.

கண்ணாடி அறையில் 'உயர்மட்டக் கூட்டம்' கூடியது. மேலாளர், வக்கீல், ஒலிச் சீரமைப்பு நிபுணர், அப்புறம் பழைய பாடகர். கார் ஷெட்டின் தாடி இப்போது வெளுத்து நெஞ்சுவரை தொங்கியதால் அவருக்கு 'ஆசான்' என்று பேர். சிஸ்டரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அக்கா! எப்படியிருக்கீங்க?"

"இருக்கேன். ஏன் தம்பி, அன்னைக்கு நான் கத்தினது உனக்குக் கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு அக்கா! அதனாலதான் மைக்கை உங்க சுவர்ப் பக்கமாத் திருப்பி வெச்சேன்."

மேலாளர் இதை 'வரலாற்று முடிவு' என்று குறித்துக்கொண்டார்.

"அதை எடுத்துடுங்க," என்றார் சிஸ்டர்.

நிபுணர் தொண்டையைச் செருமினார். "எடுக்கலாம் மேடம். எடுத்தா பாட்டுல மிச்சம் ஒண்ணும் இருக்காது."

ஆசான் விட்டத்தைப் பார்த்தார். வக்கீல் குறுக்கிட்டார். "சட்டப்படி உங்க குரல் 'சுற்றுப்புற ஒலி'. மழை, நாய், அண்டை வீட்டார் எல்லாம் அதுல அடக்கம். மழை வந்து ஆட்சேபம் தெரிவிக்க முடியுமா, சொல்லுங்க?"

மழையால் முடியாதுதான். ஆனாலும் கம்பெனிக்குப் பெரிய மனசு. வெளியீட்டு விழா மேடையில் நடு நாற்காலி தருவதாக மேலாளர் சொன்னார்.

"பேச விடுவீங்களா?"

"தாராளமா. ரெண்டு நிமிஷம்."

"அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை மாலை, கறுப்புச் சட்டை போட்ட முந்நூறு பேர் அரங்கில் நிறைந்திருந்தார்கள். ஆசான் இருபது நிமிடம் ஐந்தாம் பாட்டுக்குப் பொருள் சொன்னார். "'நிறுத்து' என்று அவள் சொல்வது நம்மைப் பார்த்தல்ல. காலத்தைப் பார்த்து!" கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. பிறகு சிஸ்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நான் காலத்தைப் பாத்துச் சொல்லலை. இந்தத் தம்பியைப் பாத்துத்தான் சொன்னேன்."

அரங்கம் சிரித்தது. அவர் காத்திருந்தார்.

"அட்டையில பதிவு பண்ணின தேதி போட்டிருக்கீங்க. அந்தத் தேதி எனக்கு மறக்காது. தூக்கமில்லாத நாலாவது நாள். அன்னைக்கு ராத்திரி, ஏழாம் படுக்கைக்குப் போட வேண்டிய ஊசியை எட்டாம் படுக்கைக்குப் போட்டுட்டேன். அவர் லாரி ஓட்டுறவர். ரெண்டு சின்னப் பொண்ணுங்க. மூணு நாள் நினைவில்லாமக் கிடந்தார். எழுந்தப்ப பேச்சு வரலை. அப்புறமும் வரவே இல்லை. விசாரணையில ஏன் தூங்கலைன்னு கேட்டாங்க. பக்கத்து வீட்டுல பாட்டுன்னேன். சிரிச்சாங்க, இப்ப நீங்க சிரிச்ச மாதிரி."

ஆசான் பக்கம் திரும்பினார்.

"தப்பு என்னோடது. அதை யார் தலையிலயும் கட்ட நான் வரலை. ஆனா தம்பி, மைக்கைத் திருப்பி வெக்க எழுந்தே பாரு, அதே கையால அந்தப் பாட்டுப் பொட்டியை அணைச்சிருக்கலாம்."

ஆசான் தலை கவிழ்ந்தார். தாடி மடியில் கிடந்தது. முன்வரிசையில் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நிசப்தத்தில், பின்னாலிருந்து ஒலிச் சீரமைப்பு நிபுணர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. நடுவுல ஒலி லெவல் கொஞ்சம் இறங்கிடுச்சு. 'ஏழாம் படுக்கை'யிலேருந்து இன்னொரு தடவை சொல்ல முடியுமா? அதே மாதிரி, அவசரப்படாம."

சிஸ்டர் மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினார். முந்நூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். படிக்கட்டில் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்டகூட ஏம்மா சொல்லலை?"

"சொன்னா, பாவம் அம்மான்னு சொல்லுவே. பாவம் அவருதான், நான் இல்லை."

கம்பெனியை யாரும் குறை சொல்ல முடியாது. மேடைப் பேச்சு 'நிகழ்ச்சிப் பதிவு', கம்பெனிக்கே சொந்தம் என்று வக்கீல் எழுத்தில் கொடுத்தார். இரண்டாம் பதிப்பில் அது பதினோராம் பாட்டாகச் சேர்ந்தது. 'எட்டாம் படுக்கை' என்று தலைப்பு. இறங்கிய லெவலை நிபுணர் அருமையாகத் தூக்கிவிட்டிருக்கிறார். ஒரு எழுத்துகூடத் தவறாமல் காதில் விழுகிறது. இதுவரை நாற்பதாயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். அந்த லாரி ஓட்டுநருக்கு என்ன பேர், அவருடைய பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று, இதை இவ்வளவு ரசித்துச் சொல்லும் நான் உட்பட, ஒருவரும் கேட்கவில்லை.