எங்கள் வீட்டின் ஆக உலர்ந்த அறை

எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவர்களுக்கு விபத்து வராது என்று பலர் நம்புகிறார்கள். அது பிழை. கவனமில்லாதவன் கால் தடுக்கி விழுவான், எழும்புவான், போய்விடுவான். பயந்தவள் விழுவதற்கு முன் இணையத்தில் வாசித்து, நாலு பேரிடம் விசாரித்து, நாள் குறித்து, அயலவர்களுக்கும் அறிவித்துவிட்டுத்தான் விழுவாள். அதனால் அவள் விழும்போது பார்ப்பதற்கு ஆட்கள் நிறைய இருப்பார்கள்.

நான் இரண்டாவது வகை. வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள். பிள்ளை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைக்கிறவள் (பிள்ளை எழும்பிவிடும், பிறகு ஏன் தூங்குதில்லை என்று கவலைப்படுவேன்).

ஜேர்மனியில் பீலெஃபெல்ட் நகரத்தின் ஓரத்தில் நாங்கள் வாங்கியது பழைய வீடு. நிலவறையில் எண்ணெயில் எரிகிற ஒரு கிழட்டு வெப்பமூட்டி இருந்தது. முதல் குளிர்காலத்தில் எண்ணெய் விலை ஏறிய ஏற்றத்தில் நானும் என் கணவர் சுதனும் வீட்டுக்குள் ஜாக்கெற் போட்டுக்கொண்டு திரிந்தோம். அப்போது நான் பிள்ளைத்தாய்ச்சி. வரப்போகிற பிள்ளை குளிரில் விறைக்குமோ என்று ஒரு பயம். பிள்ளைக்காகச் சூட்டைக் கூட்டினால் வீட்டுக்கடன் கட்ட முடியாமல் போகுமோ என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் இரவு பகலாக வாசித்து நான் கண்டுபிடித்த தீர்வுதான் பெல்லெட். மரத்தூளை இறுக்கி அழுத்திச் செய்த, எண்ணெய்க்குப் பதில் எரிக்கிற, கோழித்தீன் மாதிரியான சின்ன உருளைகள். எண்ணெயை விட மலிவு, அரசாங்கமும் உதவி தரும்.

எசன் நகரத்தில் இருக்கும் என் அக்காவிடம் சொன்னபோது அவள் சிரித்து முடிக்கும்வரை தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

“ஊரில விறகை விட்டு காஸ் அடுப்புக்கு மாற எவ்வளவு பாடுபட்டனாங்கள். நீ ஜேர்மனிக்கு வந்து திரும்ப விறகுக்குப் போறாய்.”

போனேன். நிலவறையில் ஒரு பக்கத்தைப் பலகையால் மறித்து, பெல்லெட் கொட்டுவதற்கென்று ஓர் அறை செய்தார்கள். வருடத்துக்கு ஒரு முறை பெரிய லொறி வந்து வாசலில் நிற்கும். ஒரு குழாயால் பெல்லெட்டை அறைக்குள் ஊதும். இன்னொரு குழாய் உள்ளே கிளம்புகிற தூசிக் காற்றை உறிஞ்சி, வெளியே ஒரு துணிப்பைக்குள் வடிக்கும். ஊதுகிற வாய்க்கு நேர் எதிரே தடித்த இறப்பர்ப் பாய் ஒன்று மேலே குறுக்கே ஓடும் வளைமரத்திலிருந்து தொங்கும். முதல் தடவை லொறி வந்தபோது நான் ஆஸ்பத்திரியில் மகளைப் பெற்றுக்கொண்டிருந்தேன். ஆகையால் எப்படி ஊதுவார்கள் என்பதை நான் பார்க்கவில்லை. (இது முக்கியம்.)

அதற்கடுத்து வந்த குளிர்காலம் சொர்க்கம். வீடு கதகதவென்று இருந்தது, செலவு குறைந்தது, பிள்ளை மெல்லிய சட்டையுடன் தவழ்ந்தது. வாழ்க்கையில் முதன்முதலாக என் முடிவு ஒன்று சரியாகிவிட்ட திமிரில், பிறந்தநாள் வீடுகளில் கேக் வெட்ட முன்னமே பெல்லெட் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவேன். சனம் என்னைக் கண்டால் கதிரை மாறி இருந்தது.

இந்த இடத்தில்தான் மிளகாய்த்தூள் வருகிறது.

ஒவ்வொரு வருடமும் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் உறவுக்காரர் எல்லோருக்கும் சேர்த்து வறுத்து இடித்த தூள் பெரும்பொதியாக அக்காவுக்கு வரும். அவள்தான் பிரித்துக் கொடுப்பாள். அந்த வருடம் அவள் வீட்டில் சமைக்கிற குசினியை உடைத்துக் கட்டிக்கொண்டிருந்ததால் பொதி என்னிடம் வந்தது. அதற்கு முந்திய வருடம் என் பங்கை நான் ஈரம் ஊறும் நிலவறையில் வைத்து, பச்சைப் பூஞ்சணம் பிடிக்க விட்டிருந்தேன். அதை அக்கா மூன்று கல்யாண வீடுகளில் சொல்லிவிட்டாள். இந்த முறை முழுக் குடும்பத்தின் ஒரு வருடக் கறியும் என் கையில். நான் தூங்கவில்லை.

வெப்பமூட்டியைப் பரிசோதிக்க வந்த ஆள் பேச்சுவாக்கில் சொன்னார்: ஈரம் பட்டால் பெல்லெட் உப்பிக் கெட்டுவிடும், அதனால் இந்த வீட்டிலேயே ஆக உலர்ந்த அறை இதுதான்.

அவர் தன் காரில் ஏறும்போது நான் முடிவெடுத்துவிட்டேன். அந்த அறைக்குள் நச்சு வாயு தேங்கலாம் என்று வாசித்திருந்ததால் நெடுநேரம் திறந்துவிட்டு, சுதனை வாசலில் காவல் நிறுத்தி, நான் உள்ளே போய்த் தூள் பொதியை ஒரு நல்ல சீலைப் பைக்குள் போட்டுத் தொங்கவிட்டேன். எங்கே? வசதியாக ஒரு வளை இருந்தது. இறப்பர்ப் பாய் தொங்குகிற அதே வளை. பாய்க்கு முன்னால். சுவரில் படாமல் இருக்கட்டும் என்று.

இனி, எனக்கு உண்மையாகவே உயிர்போகிற பிரச்சினை எது என்று சொல்ல வேண்டும். என் பிள்ளைப்பேற்று விடுமுறை ஓகஸ்டில் முடிகிறது. கணக்காளர் வேலை. அதற்கு மேல் இடத்தை வைத்திருக்க ஏலாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பகலில் பிள்ளையைக் கொண்டுபோய் விட ஒரு கிற்றா, அதாவது பாலர் பராமரிப்பு நிலையம், வேண்டும். ஜேர்மனியில் வீடு வாங்கலாம், குடியுரிமை வாங்கலாம், கிற்றாவில் இடம் வாங்குவதுதான் கஷ்டம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஒரு கிற்றா. அதன் வேலியால் எட்டி எட்டிப் பார்த்து, பொறுப்பாளர் கெல்லர் அம்மையாருக்குச் சிரித்துச் சிரித்து என் கன்னம் நொந்திருந்தது. கடைசியில், எதிர்பாராமல் ஓர் இடம் காலியாகியிருக்கிறது, இன்னொரு குடும்பத்தையும் பார்க்கிறோம், செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாருங்கள் என்று தேர்மின், அதாவது சந்திக்க நேரம், தந்தார்.

கோடையில் பெல்லெட் மலிவு. லொறியும் அதே செவ்வாய்க்கிழமை காலையில் வருவதாக இருந்தது.

பிள்ளையைப் பார்க்க அக்கா எசனிலிருந்து வந்திருந்தாள். நான் எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். முதல் நாளே வெப்பமூட்டியை நிறுத்தினேன். சத்தம் கேட்கும், குறை நினைக்க வேண்டாம் என்று தெருவில் எல்லோருக்கும் சொன்னேன். மரத்தூசி பிள்ளைக்கு ஆகாது என்று அறைக் கதவின் இடுக்கெல்லாம் நாடா ஒட்டினேன். ஒட்டி முடித்த பிறகுதான் தூள் நினைவுக்கு வந்தது.

காலையில் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த சுதனிடம், “என்னப்பா, தூள் உள்ள கிடக்கே, எடுக்கட்டோ?” என்று கேட்டேன்.

“எடும்,” என்றார்.

எடுத்திருக்கலாம். ஆனால் நாடா முழுவதையும் கிழிக்க வேண்டும். கிழித்தால் தூசி வரும். யோசித்துப் பார்த்தேன். பெல்லெட் என்பது சாக்கிலிருந்து அரிசி கொட்டுகிற மாதிரி கீழே கொட்டும், பொதி மேலே தொங்குகிறது, அதற்கு ஒன்றும் ஆகாது. இப்படித்தான் படித்த பெண் ஒருத்தி யோசித்தாள்.

லொறிக்காரர் ஹோல்கர் மலைபோல ஆள். வெப்பமூட்டி நிறுத்தியாச்சா, கதவு பூட்டியாச்சா என்று கேட்டார். இரண்டுக்கும் ஓம் என்றேன். பெருமையுடன் நாடாவைக் காட்டினேன். இவ்வளவு கவனமான வாடிக்கையாளரைத் தான் கண்டதில்லை என்றார். அந்தப் பாராட்டை நான் இன்னும் முழுதாக அனுபவித்து முடிக்கவில்லை. அதற்குள் அவர் இயந்திரத்தைப் போட்டுவிட்டார்.

நான் எதிர்பார்த்தது அரிசி கொட்டுகிற சத்தம். கேட்டது, வீட்டுக்குள் யாரோ ஆலங்கட்டி மழையைக் குழாயால் அடிப்பது போன்ற சத்தம். அப்போதுதான் அந்த இறப்பர்ப் பாய் எதற்குத் தொங்குகிறது என்பது எனக்கு விளங்கியது: பாய்ந்து வருகிற பெல்லெட் மோதுவதற்கு. அதற்கு முன்னால் என் தூள் பொதி. நிறுத்தச் சொல்லி ஹோல்கருக்குக் கை காட்டினேன். நான் வாழ்த்துகிறேன் என்று நினைத்து அவரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

லொறிக்குப் பக்கத்தில் ஊதிப் புடைத்து நின்ற தூசிப்பை வெளிர் நிறம். நான் பார்த்துக்கொண்டிருக்கவே அது செம்மஞ்சளானது. பிறகு சிவந்தது. ஹோல்கரும் அதைக் கண்டார். உள்ளே ஏதோ பற்றிவிட்டது என்று நினைத்திருப்பார். இயந்திரத்தை நிறுத்தி, ஓடிவந்து, பையின் வாயை அவிழ்த்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

அந்தக் காட்சியை இப்போதும் என்னால் விவரிக்க முடியாது. ஒரு செந்நிற மேகம் மெதுவாக எழும்பி, ஹோல்கரின் தலையை மூடி, கொஞ்சம் யோசித்து, பின் காற்று அடித்த பக்கமாகத் திரும்பியது. காற்று கிற்றாப் பக்கம் அடித்தது. நல்ல வெயில். பிள்ளைகள் எல்லோரும் மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

முதல் தும்மல் ஹோல்கருடையது. பிறகு தெருவே தும்மியது. வேலிக்கு அப்பால் சின்னச் சின்னத் தும்மல்கள் வரிசையாகக் கேட்டன. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவதும் தொலைபேசியை எடுப்பதும் தெரிந்தது. குசினிக் கதவைத் திறந்து பிள்ளையுடன் எட்டிப் பார்த்த அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

“இது எங்கட தூள்,” என்றாள். “நல்லா வறுத்திருக்கினம்.” அடுத்த நிமிடம் முகம் மாறியது. “அடியேய், அதை எங்க வைச்சனி?”

பிள்ளையை உள்ளே கொண்டுபோகச் சொல்லி ஜன்னல்களைச் சாத்தினேன். திரும்பி வருவதற்குள் தீயணைப்பு வண்டிகள் வந்துவிட்டன. முகமூடியும் முதுகில் காற்றுக்குடுவையுமாக இறங்கினார்கள். கையில் வாயு அளக்கும் கருவி. கிற்றாப் பிள்ளைகள் ஒரு கயிற்றைப் பிடித்தபடி வரிசையாகத் தெருவுக்கு வந்தார்கள். முன்னால் கெல்லர் அம்மையார், கைக்குட்டையால் கண்ணைப் பொத்திக்கொண்டு.

தீயணைப்பாளர் ஒருவர் ஹோல்கரிடம் என்ன வாயு என்று கேட்டார். ஹோல்கரால் தும்ம மட்டுமே முடிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தெரியாவிட்டால் பிள்ளைகள் அனைவரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும் என்று அவர்கள் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது.

நான் வாயைத் திறந்தால் கிற்றா இடம் போச்சு. இடம் போனால் வேலை போச்சு. கயிற்றின் கடைசியில் ஒரு சின்னப் பெடியன் மூக்கு ஒழுகிக்கொண்டு நின்றான். நான் நடந்து போய், எல்லோருக்கும் கேட்கும்படி, “அது என்னுடைய மிளகாய்த்தூள்,” என்றேன்.

தீயணைப்பாளர் முகமூடியைக் கழற்றினார். “எவ்வளவு?”

“ஒரு குடும்பத்துக்கு, ஒரு வருடத்துக்கு,” என்றேன். அவர் எங்கள் சின்ன வீட்டைப் பார்த்தார். “பெரிய குடும்பம்,” என்று சொல்லிவைத்தேன்.

அவர்கள் நாடாவைக் கிழித்து அறையைத் திறந்து, வெடித்துப்போன சீலைப் பையை ஒரு நீண்ட கொக்கியில் மாட்டி, செத்த பாம்பைத் தூக்கி வருவதுபோல வெளியே கொண்டுவந்தார்கள். எல்லோருடைய கண்களையும் கழுவிவிட்டார்கள். பிள்ளைகளில் ஒருவருக்கும் தும்மலுக்கு மேல் ஒன்றுமில்லை என்று உறுதியானதும் நான் படியில் குந்திவிட்டேன். அக்கா, துருக்கிக் கடைத் தயிர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, வாய் எரிகிறது என்ற தீயணைப்பாளர்களுக்கும் ஹோல்கருக்கும் கரண்டியால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருவர் இரண்டாந்தரமும் வாங்கினார்.

மத்தியானம் தேர்மினுக்குப் போனேன். போகாமல் விடுவது மரியாதையில்லை என்று பட்டது. கெல்லர் அம்மையாரின் கண் சிவந்திருந்தது. என்னுடையதும்.

“அழ வேண்டாம்,” என்றார்.

“நான் அழவில்லை. இது தூள்.”

“எனக்கும்,” என்றார்.

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பிள்ளைகளுக்குத் தீயணைப்பு வண்டியைக் காட்ட வேண்டும் என்று தான் நெடுங்காலமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனதாகவும், இன்று ஒவ்வொரு பிள்ளையும் வண்டியில் ஏறி இருந்து, தொப்பி போட்டு, மணி அடித்துவிட்டு வந்திருப்பதாகவும் சொன்னார். பிறகு குரலை இறுக்கினார். “ஆனால் இனி உங்கள் லொறி வரும் நாளை எனக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.”

இனி என்றால் என்ன அர்த்தம் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இரண்டு வாரம் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். அதற்குப் பிறகுதான் இடம் எங்களுக்குத்தான் என்று சொன்னார்கள்.

அந்த வருடம் உறவுக்காரர் எல்லோரும் கடைத்தூளில் கறி வைத்தார்கள். அதை ஒவ்வொருவரும் தனித்தனியாக எடுத்துச் சொன்னார்கள். தூள் கலந்த பெல்லெட்டை வீச மனம் வராமல் நாங்கள் எரித்தோம். முதல் குளிர் நாளில் புகைபோக்கி புகைந்தபோது தெருவில் யாரோ இருமினார்கள். அது தற்செயல் என்று சுதன் சொல்கிறார். அக்காவின் கருத்து வேறு. “மிளகாய் எரிச்சு முழுத் தெருவுக்கும் நாவூறு கழிச்சவள் என்ர தங்கச்சி,” என்று எங்கே போனாலும் சொல்கிறாள். ஹோல்கர் இப்போதும் வருகிறார். குழாயை மாட்ட முன் ஒவ்வொரு முறையும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, “இன்றைக்கு உறைப்போடா, உறைப்பில்லாமலா?” என்று கேட்கிறார்.

மகளுக்கு இப்போது நாலு வயது. அதே கிற்றாவில்தான் இருக்கிறாள். லொறி வரும் நாளில் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள்; எல்லோரும் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு எங்கள் வீட்டையே பார்த்தபடி நிற்பார்கள். அண்மையில் கிற்றாவில், உங்கள் அம்மாமார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஒருத்தியின் அம்மா பல் வைத்தியர், ஒருத்தனின் அம்மா பேருந்து ஓட்டுகிறவர். நான் கணக்காளர் என்று மகளுக்குப் பல முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

எழும்பி நின்று சொன்னாளாம்: “என்ர அம்மா தீயணைப்பு வண்டியை வரப்பண்ணுறவ.”

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லையாம். அடுத்தது எப்போது என்றுதான் கேட்டார்களாம்.