குடத்தின் மேல் கூடைப்பந்து

‘ஒரு பந்துக்கு இத்தனை பேர் கும்பிடு போட்டால், அதை இருபது வருஷமாகத் தரையில் அடித்துக்கொண்டிருக்கும் எனக்கு எந்த நரகம் ஒதுக்கியிருப்பார்கள்?’

இளவரசி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. விழுப்புரம் மகளிர் கூடைப்பந்து அணிக்கு அவள்தான் பயிற்சியாளர். ஆனால் அன்று மாலை மைதானத்தில் அவளை யாரும் தேடவில்லை. எல்லோரும் பந்தைத் தரிசிக்க வந்திருந்தார்கள்.

நடுக்கோட்டில் வாழையிலை. இலைமேல் அரிசி நிரப்பிய பித்தளைக் குடம். குடத்தின் வாயைச் சுற்றி மாவிலை. தேங்காய் இருக்கவேண்டிய இடத்தில் கூடைப்பந்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கதம்பம் சுற்றி உட்கார்ந்திருந்தது. அதன் பின்னால் திண்டிவனத்திலிருந்து வந்திருந்த பந்துச் சித்தர் கண்ணையன். சரியான ஆட்டக்காரியின் பெயரைச் சொன்னால் பந்து சிலிர்க்குமாம். பந்துக்கு ஏது மயிர், சிலிர்ப்பதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

சித்தர் திண்டிவனத்து அணிக்கும் ஆள் பொறுக்கிக் கொடுத்தவராமே என்று மட்டும் ஒருவர் கேட்டார். ஞாயிறன்று நடக்கும் இறுதிப்போட்டியே திண்டிவனத்தோடுதான். அதனாலென்ன, ரெண்டு டீமும் ஜெயிக்கும் என்று பக்கத்திலிருந்தவர் சமாதானம் சொன்னார். கேட்டவருக்கு அது நியாயமாகவே பட்டது.

அணியில் காலியாக இருந்தது ஒரே ஓர் இடம். ஒரு மாதமாக விழுப்புரத்தின் டீக்கடைகளில் அதுதான் பேச்சு. தலைவி கலையரசி புள்ளிகளைக் குவித்துவிடுவாள். அவளுக்குத் துணையாக யார்? தூரத்திலிருந்து பந்தெறியும் கலைப்பிரியா என்றார்கள் பலர். அவள் எறிவது வலைக்குள் விழுகிறதோ இல்லையோ, செல்போன் காட்சியில் அழகாக விழும். இளவரசியின் மனதில் இருந்தவள் லூர்துமேரி. மூன்றாவது வருஷமாகக் கெடாரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் பயிற்சிக்கு வருகிறவள். புள்ளி எடுக்கமாட்டாள். ஆனால் எதிரணி உயரக்காரியின் முன்னால் சுவர்போல நிற்பாள். வளையத்தில் பட்டுத் தெறிக்கிற பந்தெல்லாம் எப்படியோ அவள் கைக்கு வந்துவிடும். திண்டிவனத்திடம் இதுவரை தோற்றதெல்லாம் அந்தத் தெறித்த பந்துகளால்தான்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், சித்தரை அழைப்போம் என்று கூடைப்பந்துக் கழகச் செயலாளர் வேங்கடேசன் சொன்னபோது இளவரசி தலையாட்டியிருந்தாள். அந்த நேரம் நெஞ்சில் ஒரு சிறு நிம்மதி பரவியதையும் கவனித்தாள். தோற்றால் பழி பந்தின் மேல் போய்விடும். பிறகு அந்த நிம்மதியை நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. மற்றவர்கள் அறியாமையால் நம்பினார்கள். அவள் சௌகரியத்துக்காக வாயை மூடிக்கொண்டாள்.

சித்தரின் முன்னால் வரிசைத் தட்டுகள் நிறைந்திருந்தன. பெண்ணை அணியில் சேர்க்க ஆசைப்பட்ட குடும்பங்கள் கொண்டுவந்தவை. கலைப்பிரியா வீட்டுத் தட்டில் பட்டுவேட்டியும் மலைவாழைத் தாரும். லூர்துமேரியின் அம்மா ஒரு சீப்புப் பழம் வைத்திருந்தாள். அந்தப் பழங்களைப் பார்த்ததும் இளவரசியின் நிம்மதி மொத்தமும் போய்விட்டது.

மல்லாட்டைக் கடலை மண்டி நடத்தும் வேங்கடேசன், ஏலக்குரலில் பெயர்களைப் படித்தார். லூர்துமேரி என்றார். பந்து கல்லுப்பிள்ளையார்போல இருந்தது. கலைப்பிரியா என்றார். கிர்ர்ர் என்று ஓர் ஓசை. மாவிலை நடுங்கியது, பந்து அதிர்ந்தது, கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அது ஓங்கார நாதம் என்று சித்தர் விளக்கம் சொன்னார்.

எல்லோர் கண்ணும் பந்தின் மேல். இளவரசியின் கண் மட்டும் அங்கே இல்லை. தன் பெண்களுக்கு அவள் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: பந்தையே பார்க்காதே, பந்தில்லாதவள் என்ன செய்கிறாள் என்று பார். இளநீர் வண்டியோரம் சித்தரின் சீடன் ரஞ்சித் பக்தியோடு தலைகுனிந்து நின்றான். கலைப்பிரியாவின் பெயர் ஒலித்ததும் அவன் வலதுகை பேன்ட் பைக்குள் போனது. கை வெளியே வந்தபோது ஓங்காரமும் நின்றது.

இளவரசி முன்னால் வந்தாள்.

“சாமி, இன்னொருக்கா கேக்கலாங்களா? இத்தினி செல்போன் வெச்சிக்கினு நிக்கிறோம். அந்தக் கதிரெல்லாம் பந்தோட சக்தியக் கெடுத்துடும்னு எனக்குத் தோணுது. எல்லாத்தையும் பந்துப் பைக்குள்ள போட்டுட்டுக் கேக்கலாமே.”

சித்தர் வேண்டாமென்று சொல்ல வாயெடுப்பதற்குள் கூட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. அறிவியல் என்று சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்கள். சக்தி என்றதால் வரிசையில் நின்றார்கள். ரஞ்சித் மட்டும் தயங்கினான். பின்னாலிருந்த ஒரு பக்தர், சாமி காரியத்தில் என்னய்யா கஞ்சத்தனம் என்று அவன் பையில் கைவிட்டுப் பிடுங்கிப் போட்டார். சித்தரும் வேறு வழியில்லாமல் இடுப்பிலிருந்த போனைக் கொடுத்தார்.

இளவரசி பையின் வாயை இறுக்கிக் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

வேங்கடேசன் மறுபடி படித்தார். கலைப்பிரியா என்றார். பந்து அசையவில்லை. உரக்கச் சொன்னார். அசையவில்லை. பந்துக்குக் காது கேட்கவில்லையோ என்று குனிந்து அதன் பக்கத்தில் போய்ச் சொன்னார். சித்தர் கண்ணை மூடிக்கொண்டு, நம்பிக்கையில்லாத ஒருத்தி பக்கத்தில் நிற்பதால் தெய்வம் கோபித்துக்கொண்டது என்றார். கூட்டம் இளவரசியைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

“ஏம்மா, நீதான் எல்லாத்தையும் கெடுத்துட்ட” என்றார் வேங்கடேசன். “இப்பிடிப் பேஜாரு பண்ணிக்கினு இருந்தா, நாளைலேர்ந்து வேற கோச்சுதான் பாக்கணும்.”

அப்போது பந்து சிலிர்த்தது.

யாரும் எந்தப் பெயரும் சொல்லவில்லை. கிர்ர்ர், கிர்ர்ர் என்று நிற்காமல் நடுங்கியது. பாதிப் பேர் தரையில் விழுந்துவிட்டார்கள். எழுந்து நின்றவர் ஒருவர்தான், சித்தர். அவர் முகத்தில் வேர்வை.

இளவரசி பந்தைத் தூக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, மறு கையைக் குடத்து அரிசிக்குள் விட்டாள். வெளியே வந்தது ஒரு பழைய செல்போன். எடுத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

“ஏங்க, உங்க போன்ல எத்தினி வாட்டி போடறது? எடுக்கவே மாட்டறீங்க. அதான் குடத்து போனுக்குப் போட்டேன்” என்றது ஒரு பெண்குரல், மைதானம் முழுக்கக் கேட்கும்படி. “வேலை முடிஞ்சுதா? ரஞ்சித் சரியா அடிச்சானா? வரும்போது ஒரு கிலோ கேப்பை மாவு வாங்கினு ஜல்தி வாங்க.”

விழுந்து கும்பிட்டவர்கள் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். சித்தரைப் பிடிக்கலாம் என்று யோசனை வந்தபோது அவர் வேலி தாண்டிவிட்டார். வாழைத்தாரோடு தாண்டியதுதான் அன்றைக்கு அங்கே நடந்த ஒரே அற்புதம். ரஞ்சித் தன் போனை மறந்துவிட்டு அவர் பின்னால் ஓடினான்.

கொஞ்ச நேரம் எல்லோரும் மற்றவர்களைப் பார்த்து, நான் முதலிலேயே சந்தேகப்பட்டேன் என்று சொல்லிக்கொண்டார்கள். வேங்கடேசன் மட்டும் நெகிழ்ந்த முகத்தோடு இளவரசியின் பக்கம் வந்தார்.

“இளவரசிம்மா, இத்தினி பேரு கண்ணுக்குத் தெரியாதது உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதே. உங்கிட்டதாம்மா அந்த சக்தி இருக்குது. நீயே பந்து மேல கைய வெச்சு ஒரு பேரு சொல்லு. எதிர்ப் பேச்சே கிடையாது.”

ஆமாம், ஆமாம் என்றது கூட்டம். யாரோ கற்பூரத்தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்கள். லூர்துமேரியின் அம்மா கைகூப்பி நின்றாள்.

ஒரு பெயர் சொன்னால் போதும். சரியான பெயர், சரியான பெண், ஞாயிறன்று ஒருவேளை வெற்றியும்கூட. நாக்கு நுனிவரை வந்த அந்தப் பெயர் இளவரசிக்குத் தித்தித்தது. சித்தருக்கும் முதல் நாள் இப்படித்தான் தித்தித்திருக்கும் என்று தோன்றியது.

அவள் புடவைத் தலைப்பால் பந்தின் மஞ்சளையும் குங்குமத்தையும் துடைத்து, அதை வாழையிலையில் வைத்தாள்.

“வேணாங்க சார். நான் சொல்ல மாட்டேன். காலைல ரெண்டு பேரையும் ஆடவுடறேன். வந்து உக்காந்து பாருங்க. ஏன் இவ, ஏன் அவ இல்லன்னு யோசிங்க. எங்கிட்டயும் காரணம் கேளுங்க.”

“அதுக்கெல்லாம் ஏதும்மா நேரம்? நீ சும்மா கைய வெச்சா போதும்.”

இளவரசி இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.