டைம்கீப்பரும் புறவினத்தாரும்

உலகம் எப்போது முடியும் என்பதை பஸ் நிலையத்துத் தகரக் கொட்டிலில் இருந்தே கண்காணித்த ஒரே மனிதர் எங்கள் டைம்கீப்பர்தான். முருங்கன் பஸ் எப்போது புறப்படும் என்பது மட்டும் அவருக்கே தெரியாது.

நான் அந்த பஸ்ஸில் கொண்டக்டர். அவர் தாளில் நேரம் குறித்துக் கையெழுத்து வைத்தால்தான் வண்டி அசையும். மனுஷனோ கொட்டிலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். வேதப்புத்தகத்தில் வரும் யூதரல்லாத புறவினத்தாரை ஒவ்வொருவராகத் தேடிப் பிடிப்பதுதான் அவருடைய உண்மையான உத்தியோகம். எகிப்து யாரோடு சேரும், அசீரியா இப்போது எந்த நாடு, வடக்கேயிருந்து வரப்போகும் படை எது என்று நீளமாக ஒரு பட்டியல் வைத்திருந்தார். ரேடியோவில் வெளிநாட்டுச் செய்தி முடியாமல் ஒரு பஸ்ஸும் போகாது. கொண்டச்சிக்குப் போகிற சனம் வியர்த்து வழிந்தபடி அவருடைய விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஒருநாள் பாபிலோன் விழுந்து முடிவதற்குள் ஒரு பெண்ணின் கூடை மீன் நாறிவிட்டது.

இப்படிப்பட்டவரின் ஒரே மகள், முருங்கனில் வயல் செய்யும் சைவப் பொடியனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். முறைப்படி அனுமதி வாங்கிக் கட்டலாம் என்று பங்குச் சுவாமியாரே சொன்னார். புறவினத்தானுக்குப் பெண் கொடுப்பதா என்று இவர் குதித்தார். வேறு மாப்பிள்ளையும் பார்த்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோவிலில் அவனோடு கலியாண ஓலை எழுதி நிச்சயம் செய்துவிடுவது என்று ஏற்பாடு.

சனிக்கிழமை சோறு கொண்டுவந்த மகள், பட்டியலைக் கையில் எடுத்தாள்.

"அப்பா, இதில எல்லா நாடும் இருக்கு. எங்கட ஊர் பேசாலை ஆக்கள் எந்தப் பக்கம்?"

"நாங்கள் வேதக்காரர், பிள்ளை."

"அதுக்கு முன்னம்?"

மனுஷன் புத்தகத்தை விரித்தார். முன்னும் பின்னும் புரட்டினார். யூதர் ஒரு பக்கம், மற்ற எல்லாரும் மறுபக்கம். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் பேசாலை மறுபக்கத்தில்தான் விழுந்தது. அன்றைக்கு மூன்று பஸ்கள் கையெழுத்தே இல்லாமல் சரியான நேரத்துக்குப் புறப்பட்டன.

பின்னேரம் என் பஸ்ஸில் ஏறி முருங்கனுக்கு வந்தார். பொடியனின் தகப்பன் களத்தில் நெல் தூற்றிக்கொண்டு நின்றார். இவர் என்ன சொல்லி வைப்பாரோ என்று எனக்குப் பயம். கூடவே இறங்கிப் போனேன்.

"நாங்களும் வெளியில நிண்டு, பிறகு கூப்பிட உள்ள வந்த ஆக்கள்தான். உங்கட மகனை வெளியில நிப்பாட்ட நான் ஆர்?" என்றார் டைம்கீப்பர்.

தகப்பனுக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. சம்பந்தம் பேச வந்திருக்கிறார் என்பது மட்டும் விளங்கியிருக்கவேண்டும், தேத்தண்ணி குடியுங்கோ என்றார். டைம்கீப்பர் கோப்பையை வாங்கிய அவசரத்தில் பாதித் தேத்தண்ணி சட்டையில் கொட்டியது. என் சால்வையால் துடைத்துவிட்டேன். அந்த மனுஷன்மேல் எனக்கு அவ்வளவு பாசம் இருந்தது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.