காந்தம் ஒட்டாத பானை

பிறந்த வீட்டுச் சீர் கொண்டுபோகிற அண்ணனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருக்கலாம். கையில் காந்தம் மட்டும் இருக்கவே கூடாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். பதுளையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஆறாம் வகுப்புக்குக் காந்தம், பதினோராம் வகுப்புக்கு மின்சாரம். இந்தத் தகவலைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைத் திட்டுவதற்கு உதவும்.

என் தங்கை வசந்தா கல்யாணமாகிப் போன நாளிலிருந்து தேயிலைத் தோட்டத்து லயத்தில்தான், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தாள். லயத்துக்கு நேர் மேலே மலை. மழை பிடித்தால் மண் இறங்குகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், தூங்கமாட்டாள். ஒருவழியாகக் கீழே சமதரையில் அவர்களுக்குத் தனி வீடு கிடைத்தது. தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச நாள் பார்த்தார்கள்.

"அண்ணே, மொதப் பால் நம்ம வீட்டுப் பானையிலதான் பொங்கணும். பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி பொங்கிடணும். இந்த வீட்டுலயாவது நான் நிம்மதியாத் தூங்கணும்ணே" என்றாள் போனில். குரல் தழுதழுத்தது.

அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டியது தங்கச்சி முகம். வந்ததோ ராசாத்தி மதினியின் முகம்.

ராசாத்தி மதினி வசந்தாவின் நாத்தனார். வெலிமடையில் மரக்கறி வியாபாரம். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். வசந்தா மகளின் காதுகுத்துக்கு நான் சீராக வைத்த எவர்சில்வர் குடம் ஒரே மாதத்தில் துருப்பிடித்துவிட்டது. அந்தச் செய்தியை மதினி லீக்ஸ் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் இனாமாகக் கொடுத்திருக்கிறார். ("மாஸ்டரு குடுத்த கொடத்துல தண்ணி குடிச்சா ரத்தசோகை வராது, அம்புட்டு இரும்புச் சத்து!") இந்தத் தடவை விடக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். பாடசாலை ஆய்வுகூடத்தில் இருந்த சிவப்பு லாடக் காந்தத்தைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பதுளை பஜாருக்குப் புறப்பட்டேன்.

நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது, மட்டமானதில்தான் ஒட்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அரைகுறையாகப் படித்ததை முழுதாக நம்புவதில் நான் கெட்டிக்காரன். பாத்திரக் கடையில் ஒரு பானை பாக்கியில்லை. எடுப்பேன், விரலால் சுண்டுவேன், சத்தத்துக்குக் காது கொடுப்பேன், விளிம்பைத் தடவுவேன், கைப்பிடியை ஆட்டுவேன், கடைசியில் காந்தத்தை வைப்பேன். ஒட்டினால் தலையை இடமும் வலமும் ஆட்டிவிட்டுக் கீழே வைப்பேன். மற்ற வாடிக்கையாளர்கள் என்னைச் சுகாதாரப் பரிசோதகர் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

கடைக்கார நானா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், வீட்டுல என்ன அடுப்பு?" என்று கேட்டார்.

"நானா, பானையப் பத்திக் கேட்டா பானையப் பத்தி மட்டும் சொல்லுங்க" என்றேன்.

அவர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார். (அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) காந்தம் எங்கே வைத்தாலும் வழுக்கி விழுந்த ஒரு பானையை வாங்கிக்கொண்டு, ஏதோ போரில் ஜெயித்தவன் போல வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு மனைவியோடு தோட்டத்துக்குப் போனேன். கொட்டுகிறது மழை. புது வீட்டின் சமையலறையில் விறகடுப்பு மேடைக்குப் பூசிய சீமெந்து இன்னும் ஈரம். காஸ் அடுப்பு வாங்கவில்லை. அதனால் ராசாத்தி மதினி தம்பி வீட்டுக்குத் தன் அன்பளிப்பாக ஒரு கரண்ட் அடுப்பும், அதோடு ஒரு எவர்சில்வர் பானையும் கொண்டுவந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட, பொத்தான் அமுக்கினால் எரியும் இண்டக்ஷன் அடுப்பு. பானை கனமாக, அழகாக இருந்தது. என் வயிறு எரிந்தது.

சும்மா இருந்திருக்கலாம். சனியன் சும்மா இருக்க விட்டால்தானே! மதினியின் பானையைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் காந்தத்தை வைத்தேன். "டக்" என்று ஒட்டிக்கொண்டது. பிடித்து இழுத்தேன். பானையும் கூட வந்தது. என் சந்தோஷத்தை என்னென்று சொல்வேன்!

"மதினி, ஒங்கள நல்லா ஏமாத்திப்புட்டாங்க. ஒட்டினா டூப்ளிகேட்!" என்றேன், சபைக்கே கேட்கும்படி.

மதினியின் முகம் சுருங்கியது. "அப்புடியா தம்பி? அந்தக் கடைக்காரரு..." என்று ஏதோ சொல்ல வந்தார். நான் விடவில்லை. இரும்பு, நிக்கல், குரோமியம் என்று ஒரு பாடவேளையையே எடுத்து முடித்தேன். வசந்தா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அண்ணே, நல்ல நாளும் அதுவுமா ஏண்ணே? ரெண்டுலயும் காய்ச்சலாமே" என்றாள். "மொதப் பால் நம்ம பானையிலதான்" என்று சொல்லிவிட்டேன். மதினி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

என் பானையில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தாள் வசந்தா. பொத்தானை அமுக்கினாள். அடுப்பு "டீக், டீக், டீக்" என்றது. அவ்வளவுதான். பாலைத் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்கிறது.

"பிளக் லூசா இருக்கும்" என்றேன். மாற்றிச் செருகினேன். டீக், டீக். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போட்டேன். ஊதுபத்தி வைத்திருந்த மேசையில் ஓடிக்கொண்டிருந்த சாமிப் பாட்டு நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அடுப்பு மட்டும் அசையவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பூசாரி, "மாஸ்டரய்யா, பத்து தாண்டிருச்சுங்க" என்றார். எனக்கு மழையிலும் வியர்த்தது. விஞ்ஞானியல்லவா, கடைசியில் முடிவைச் சொன்னேன்: "இந்த அடுப்பும் டூப்ளிகேட்!"

வசந்தாவின் கண் நிறைந்துவிட்டது. "மொதப் பாலே பொங்க மாட்டேங்குதேண்ணே..." என்றாள். அந்த நிமிடம் பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது என்று பட்டது. அவள் மண் சரிவுக்குப் பயந்து வந்த வீடு என்பதால் அதைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

ராசாத்தி மதினி வந்தார். என் பானையில் இருந்த பாலைத் தன் பானையில் ஊற்றி அடுப்பில் வைத்தார். "நீ அமுக்கு தாயி" என்றார். வசந்தா அமுக்கினாள். அடுப்பு டீக் என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் பால் நுரைத்து, ஏறி, நாலு பக்கமும் வழிந்தது. குலவைச் சத்தம் மழையை அமுக்கிவிட்டது. பத்தரை ஆக இன்னும் நேரம் இருந்தது. வசந்தா அழுதுகொண்டே சிரித்தாள்.

பிறகுதான் மதினி வாயைத் திறந்தார். "தம்பி, காந்தம் ஒட்டுற பானதான் இந்த அடுப்புல சுடுமாம். ஒட்டுதான்னு பாத்துத்தான் கடைக்காரரு எடுத்தே குடுத்தாரு. உள்ளுக்கெல்லாம் நல்ல சில்வருதான், அடியில மட்டும் வேற தகடு வச்சு அடிச்சிருக்காம். அதத்தான் அப்பவே சொல்ல வந்தேன். நீங்க பாடம் நடத்துனீங்க, சரி, படிச்ச புள்ள பேசட்டும்னு விட்டுட்டேன்."

கரண்டும் காந்தமும் சேர்ந்து சூடு உண்டாக்குவதைப் பதினோராம் வகுப்புக்கு வருஷாவருஷம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறவன் நான்தான். என் மனைவி காதருகே குனிந்து, "இன்னிக்கி லீவு போட்டது நல்லதாப் போச்சுங்க. புள்ளைங்களாவது தப்பிச்சுச்சுங்க" என்றாள். சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் பஸ் பிடித்தேன். காந்தத்தை மறந்து அங்கேயே விட்டுவிட்டேன்.

என் பானை நல்ல பானைதான். இன்றுவரை ஒரு பொட்டுத் துரு இல்லை. வசந்தா அதில் அரிசி போட்டு வைத்திருக்கிறாள். அடுப்பு முகமே பார்க்காத பானைக்கு என்ன கேடு? எங்கள் சொந்தத்தில் பெண் பார்க்க மாப்பிள்ளை வந்தால்கூட, "மாமாவ விட்டு ஒரு தரம் காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டலன்னா ஒரிஜினல்" என்கிறார்கள்.

போன ஆவணியில் பதுளையில் நாங்கள் சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடிபோனோம். பால் காய்ச்ச எல்லோரும் வந்தார்கள். ராசாத்தி மதினி வெலிமடையிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்து, தாளில் சுற்றிய ஒரு பானையை என் கையில் கொடுத்தார். பிரித்தேன். அடியில் ஆய்வுகூடத்துச் சிவப்புக் காந்தம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒட்டுது தம்பி, டூப்ளிகேட்டுதான்" என்றார் மதினி. "பரவாயில்லையா?"

வீடே சிரித்தது. வசந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கண் கலங்கிவிட்டது. காந்தத்தைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நீங்களே வைங்க மதினி" என்று பானையை நீட்டினேன். எங்கள் வீட்டு முதல் பால் அதில்தான் பொங்கியது.